பெட்டிக்கும் குழிக்கும் நடுவே

வைகாசிக் கடைசியில் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் ஊர்களுக்கு வரும் கூரியர் வண்டிகளில் புடவைப் பார்சலுக்கும் கைப்பேசிப் பார்சலுக்கும் நடுவே இடுப்பு உயர அட்டைப் பெட்டி ஒன்று இருந்தால், அதற்குள் மரம் இருக்கிறது என்று அர்த்தம். கேரளத்திலிருந்து வரும் வியட்நாம் பலா, ஆந்திரத்தில் ராஜமுந்திரிக்குப் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து வரும் ஒட்டு மா, எங்கிருந்தோ வரும் தாய்லாந்துக் கொய்யா. எந்தப் பக்கம் மேலே என்று அட்டையில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பல ஊர் கைமாறி வருகிற பெட்டி படுத்த வாக்கில்தான் வந்து சேர்கிறது.

கைப்பேசியில் பழத்தின் படத்தைப் பார்த்து, பணம் கட்டி, ஐந்தாறு நாள் காத்திருந்து வாங்கிய கன்று. வீட்டில் எல்லோருக்கும் வருகிற முதல் எண்ணம் அதை உடனே நட்டுவிட வேண்டும் என்பது. மண்வெட்டியை எடுத்து ஒரு முழம் பள்ளம் பறித்து, பையைக் கிழித்து, உள்ளே இறக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். கன்றுகள் அதிகமாகச் சாவது அங்கேதான். பெட்டியிலிருந்து வெளியே வருவதற்கும் குழிக்குள் இறங்குவதற்கும் நடுவில் இருக்க வேண்டிய சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், யாருடைய கணக்கிலும் இல்லாமல் போகின்றன.

முதல் சிக்கல் காலண்டரில் இருக்கிறது. கேரளத்தில் ஜூன் முதல் வாரம் மழை இறங்கும். அங்குள்ள நாற்றங்கால்களுக்கு அதுதான் விற்பனைக் காலம். விளம்பரமும் தள்ளுபடியும் அப்போதுதான் வருகின்றன. புதுச்சேரிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. ஜூன் மாதத்து வில்லியனூரில் கத்திரி முடிந்திருக்கும், வெயில் முடிந்திருக்காது. மேற்குக் கரைக்கு நடவுக்காலமாக இருக்கும் அதே நாள், கிழக்குக் கரைக்கு இன்னும் நான்கு மாதம் பொறுத்திருக்க வேண்டிய நாள். அரசு விழாக்களும் இந்தப் பிசகையே செய்கின்றன. 1973 முதல் உலகம் கொண்டாடும் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. கே.எம். முன்ஷி 1950-இல் தொடங்கிவைத்த வன மகோற்சவம் ஜூலை முதல் வாரம். டில்லிக்கும் மும்பைக்கும் பொருந்துகிற தேதிகள் அவை. சோழமண்டலக் கரையில் அந்தத் தேதியில் கையில் வாங்கும் கன்றை வைத்துக் காப்பாற்றத் தெரிய வேண்டும். நடத் தெரிந்தால் மட்டும் போதாது.

தபாலில் தோட்டம் வாங்குவது புதுப் பழக்கம் அல்ல. 1884-இல் பூனாவில் தொடங்கிய போச்சா நிறுவனமும் 1912-இல் கல்கத்தாவில் கடை திறந்த சட்டன் நிறுவனமும் விலைப்பட்டியல் அச்சிட்டு, நாடு முழுக்கத் தபாலில் விதை அனுப்பின. விதைப் பொட்டலம் பரணில் ஒரு பருவம் கிடந்தாலும் பெரும்பாலும் கெட்டுப்போகாது. கன்று அப்படியில்லை. பெட்டிக்குள் இருட்டில் கிடக்கும்போதும் அது மூச்சுவிடுகிறது, தண்ணீரை இழக்கிறது, சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழிக்கிறது. காற்றோட்டம் இல்லாத அட்டைக்குள் எத்திலீன் சேருகிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு இலைகளையும் உதிர வைக்கும். பெட்டியைத் திறந்தவுடன் பொலபொலவென்று இலை கொட்டுவதைப் பார்த்து மனம் உடைகிறவர்கள் பலர். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அடியில் பச்சை தெரிந்தால் மரம் இருக்கிறது.

கடல் கடந்து செடி அனுப்பியவர்கள் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தார்கள். மக்காவில் இருந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819-இல் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், சீனாவிலிருந்து கப்பலேறும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் இங்கிலாந்தில் உயிரோடு கரையேறுகிறது என்று கணக்குச் சொன்னார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சாமுவேல் பெரொத்தே என்ற சுவிஸ் தோட்டக்காரர், கேப்டன் ஃபிலிபேரின் கப்பல்களில் ரெயூனியன், ஜாவா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றிச் செடிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தார். தென்னமெரிக்காவில் இருந்த பிரெஞ்சு கயானாவுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. மணிலாவிலிருந்து அவர் எடுத்துவந்த ஒரு முசுக்கட்டை வகை பின்னாளில் பிரான்சின் பட்டுத்தொழிலுக்குப் போய்ச் சேர்ந்தது. உப்புக் காற்றும் குடிநீர்ப் பஞ்சமும் எலியும் நிறைந்த மேல்தளத்தில் மாதக்கணக்கில் செடி காத்த அந்த மனிதர்தான், 1826-இல் உருவான புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்குப் பின்னாளில் பொறுப்பேற்றார். 1870-இல் இதே ஊரில் காலமானார். பூங்காவுக்குள் நடந்துபோகிறவர்கள் வயதான மரங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே வந்திறங்கிய வெளிநாட்டுச் செடிகள் தரைக்குப் போகுமுன் தொட்டியிலும் நிழலிலும் கழித்த நாட்களை நினைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

கப்பல் பயணத்துக்கான தீர்வு 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டின் மேசையில் கிடைத்தது. பூச்சிக்கூடு ஒன்றை ஈர மண்ணோடு போத்தலில் மூடிவைத்திருந்தார். மண்ணிலிருந்து பெரணி முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தது. 1833-இல் அவர் அனுப்பிய கண்ணாடிப் பெட்டிகள் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே செடிகள் உயிரோடு இருந்தன. அதன்பின் தேயிலை, ரப்பர், சின்கோனா எல்லாம் இந்தப் பெட்டிகளில் உலகம் சுற்றின. ஆனாலும் பெட்டி பாதி வேலையைத்தான் செய்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தரும் சின்கோனாவைத் தென்னமெரிக்காவிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் கொண்டுவந்தார். செங்கடல் வெப்பத்தில் நொந்துபோன அந்தக் கன்றுகள் நீலகிரிவரை வந்து, வந்த பிறகு பட்டுப்போயின. 1861 ஏப்ரலில் ராபர்ட் கிராஸ் கொண்டுவந்த இன்னொரு தொகுதியை ஊட்டியில் வில்லியம் மக்கைவர் வாங்கி வளர்த்துப் பெருக்கினார். நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்கள் அப்படி உருவானவை. கன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் கைக்கு அவ்வளவு வேலை இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், அதியமானின் முன்னோர் எங்கிருந்தோ கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று புறநானூறு சொல்கிறது. கரணையாக வந்ததோ கன்றாக வந்ததோ, வழியில் அதை ஈரம் காயாமல் காத்த ஆள் ஒருவர் இருந்திருக்க வேண்டும். பாட்டில் மன்னர்களுக்குத்தான் இடம் கிடைத்தது.

பாகூர்ப் பக்கத்து வீட்டுக்கு வருவோம். பெட்டியைச் சாயங்காலம் திறப்பது நல்லது. உச்சிவெயிலில் திறந்து வாசலில் நிறுத்தினால், ஐந்து நாள் இருட்டில் கிடந்த இலை ஒரு மணி நேரத்தில் கருகும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. பையின் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். தண்டைச் சுற்றிய ஈரக் காகிதம், பையின் வாயைக் கட்டிய பிளாஸ்டிக், இரண்டையும் எடுத்துவிடலாம். ஒட்டுப் போட்ட இடத்தில் இருக்கும் நாடாவை மட்டும் தொடக் கூடாது. ஒட்டு நன்றாகக் கூடி, நாடா தண்டை இறுக்கத் தொடங்கும்போது பிரித்தால் போதும். வேம்பு அல்லது புங்கம் நிழலில், இல்லையென்றால் வீட்டின் வெயில் படாத சுவர் ஓரத்தில் நிறுத்தி, இலை நனையும்படி கையால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அடுத்தது மண்கட்டி. கடியத்திலிருந்து வருவது பெரும்பாலும் செம்மண் கட்டி. காய்ந்தால் செங்கல்லாட்டம் இறுகிவிடும். மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியேறும், நடுவில் இருக்கும் வேருக்கு ஒரு சொட்டும் போகாது. தேங்காய் நார்க்கழிவில் வளர்த்த கன்றிலும் இதே தொல்லை உண்டு. காய்ந்த நார் சுருங்கிப் பைக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி விட்டுவிடும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம். பையோடு கன்றை ஒரு வாளித் தண்ணீரில் இறக்க வேண்டும். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். குமிழி நின்றதும் எடுத்து வடியவிட வேண்டும். அதற்குப் பிறகு, விரலின் முதல் கணு அளவுக்கு மேல்மண் காய்ந்தால்தான் மறுபடி தண்ணீர். வாடியிருக்கிறதே என்று மூன்று வேளையும் ஊற்றுவதால் அழுகிச் சாகும் கன்றுகள் காய்ந்து சாவதைவிடக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. உரமும் இப்போது வேண்டாம். அடிபட்ட நுனிவேர் புதிதாக விடும்வரை எரு, புண்ணாக்கு, யூரியா எல்லாம் பாரம்தான்.

வந்த கன்றை ஏற்கெனவே இருக்கும் செடிகளோடு சேர்க்காமல் பத்துப் பதினைந்து நாள் தள்ளி வைப்பது எளிய காரியம், பலரும் செய்யாத காரியம். இலையின் அடியிலும் கணுக்களிலும் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி ஒட்டிக்கொண்டு வரும். 2008-இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழகத்தில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதைத் தின்னும் ஒட்டுண்ணியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் சுருள் வெள்ளை ஈ தெரிந்தது. இன்று அது இல்லாத தென்னந்தோப்பைத் தேட வேண்டியிருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகும் கன்றுகளோடு பூச்சியும் ஊர்விட்டு ஊர் போகிறது. பழைய துணியில் வேப்பெண்ணெய்க் கரைசலை நனைத்து இலையடியைத் துடைத்துவிட ஐந்து நிமிடம் போதும்.

ஒரு வாரம், பத்து நாள் முழு நிழல். பிறகு காலை வெயில் இரண்டு மணி நேரம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நாற்றங்காலின் நிழல்வலைக்குள் வளர்ந்த இலை மெல்லியது. பாகூர் வெயிலுக்கு அது பழகாது. புது வெயிலில் விரிகிற புது இலைதான் தடிப்பாக, மெழுகுப் பூச்சோடு வரும். அந்த இலைகள் ஓர் அடுக்கு விரிந்து முற்றினால் கன்று ஊருக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒட்டுக்குக் கீழே நாட்டு மாங்கொட்டைத் தண்டிலிருந்து துளிர் வந்தால், வளமாக இருக்கிறதே என்று இரக்கப்படாமல் கிள்ளிவிட வேண்டும். விட்டால் மேலே இருக்கும் ஒட்டு செத்து, நாலைந்து வருடம் கழித்து வாங்கிய பழம் ஒன்றும் காய்க்கிற பழம் வேறொன்றுமாக இருக்கும்.

இந்த வேலையை யார் செய்கிறார்கள்? பெட்டிக்குப் பணம் கட்டியவர் பெரும்பாலும் ஆண்பிள்ளை. காலையில் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். கன்று நிற்பது பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்தில். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குப் போகிறது. சோப்புத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வதும் அங்கே இருப்பவர்தான். கோழி வந்து பைமண்ணைக் கிளறும், ஆடு ஒரே வாயில் கொழுந்தை முடித்துவிடும். கடலோரத்தை நெருங்க நெருங்க போர்த்தண்ணீரில் உப்பு ஏறுகிறது. தரையில் ஊற்றினால் மழை வந்து கழுவிப் போகும் உப்பு, பைக்குள் தங்கி இலை நுனியைக் கருக்குகிறது. குடிக்கப் பிடித்த நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு தனியே எடுத்து வைக்கிற அம்மாவோ அத்தையோதான் அந்த மரத்தின் வயதைத் தீர்மானிக்கிறார். மரம் வளர்ந்த பிறகு "நான் ஆன்லைன்ல வாங்கி வச்சேன்" என்று சொல்பவர் வேறொருவர். இந்த நான்கு மாதத்துக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் காலம் நீளும்போது வேறொரு ஆபத்து மண்ணுக்குள் நடக்கிறது. பைக்குள் போக இடமில்லாத வேர் சுவரைத் தொட்டுத் திரும்பி வட்டமாகச் சுற்றத் தொடங்கும். பை நேராகத் தரையில் இருந்தால் அடித்துளை வழியே ஆணிவேர் கீழே இறங்கிவிடும். தூக்கும் நாளில் அறுபடும். அதனால்தான் நாற்றங்கால்காரர்கள் பைகளை அவ்வப்போது இடம் மாற்றி அடுக்குகிறார்கள். வீட்டில் இரண்டு செங்கல் மேல் நிறுத்திவைத்தாலே போதும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் பெரிய பைக்கு மாற்றுவதுதான் சரி. நடும்போது சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும், பிரியாததை வெட்டிவிட வேண்டும். அப்படியே நட்டால் மரம் சாகாது. நன்றாகவே வளரும், காய்க்கவும் செய்யும். ஆனால் பையின் வட்டத்துக்குள் முறுக்கிக்கொண்ட வேர் பூமியைச் சரியாகப் பிடிக்காது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது இந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் தென்னையும் படுத்த படுக்கையாயின. அந்தக் காற்றுக்கு எந்த வேரும் தாங்கியிருக்காது என்பது உண்மை. ஆனாலும் அடிக்கடி புயல் வரும் கரையில், முறுக்கிய வேரோடு ஒரு மரத்தை நடுவது தெரிந்தே செய்கிற தவறு.

இடத்துக்கு இடம் காத்திருப்பு மாறும். வில்லியனூரிலிருந்து ஊசுடு ஏரிப் பக்கம் போகப் போகச் செம்மண் மேடு. தண்ணீர் நிற்காது, சீக்கிரம் காயும். அங்கே புரட்டாசி முதல் மழையில் நட்டால் கன்றுக்கு முழுப் பருவமழையும் கிடைக்கும். பாகூர் வேறு. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே தண்ணீர் வாங்கும் ஏரி, அதன் கீழே களிமண் வயல்கள், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர். வயலோரக் கொல்லையில் ஐப்பசியில் நட்ட மா, கார்த்திகையில் வேர் மூச்சடைத்து மஞ்சளாகும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்று ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருக, பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்கள் வெள்ளத்தில் நின்றன. பள்ளத்தில் நட்டிருந்த இளங்கன்றுக்கு அந்த வெள்ளத்தில் ஓட வழியில்லை. பையோடு இருந்ததைத் திண்ணைக்குத் தூக்கிவிடலாம். களிமண் தாழ்விடத்தில் வீடு உள்ளவர்கள் தை பிறக்கும்வரை பொறுத்து, வரப்பை ஒட்டி மேடு கட்டி நடுவதே மேல். அதாவது ஜூனில் வாங்கினால் ஏழு மாதக் காவல். அவ்வளவு நாள் காக்க முடியாதவர்கள் மார்கழிக் கடைசியில் அனுப்பச் சொல்லி வாங்கலாம்.

எல்லா மரமும் இவ்வளவு கேட்பதில்லை. தேக்கை 'ஸ்டம்ப்' என்று சொல்லும் குச்சியாக அனுப்புவார்கள். கட்டைவிரல் பருமனில் ஒரு சாண் ஆணிவேர், மேலே விரற்கடைத் தண்டு, இலை ஒன்றும் இருக்காது. ஈரச் சாக்கில் சுற்றி எங்கும் அனுப்பலாம், குழிக்குள் உலர்ந்த மணலில் புதைத்து மழை வரும்வரை வைத்திருக்கலாம். குளிர் நாடுகளில் ஆப்பிளும் பிளம்மும் இலையுதிர்த்துத் தூங்கும் பருவத்தில், மண்ணே இல்லாத வெறும் வேரோடு பார்சலில் போகின்றன. வந்ததும் வேரைச் சில மணி நேரம் தண்ணீரில் நனைத்து, நடும் நாள்வரை சாய்வான பள்ளத்தில் படுக்கவைத்து மண் மூடுகிறார்கள். நம் மாவும் பலாவும் அப்படித் தூங்குவதில்லை. இலையோடு வருகின்றன, இலையோடு காத்திருக்கின்றன. அதனால்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

பெட்டியே தேவைப்படாத மரங்களும் பக்கத்திலேயே உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கரையின் சொந்தக் காடு எப்படி இருந்தது என்று தெரியும். 1968-இல் மொட்டைச் செம்மண் மேடாக இருந்த ஆரோவில்லில், தொடக்க ஆண்டுகளில் கையால் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவற்றின் மேல்தான் இன்றைய காடு நிற்கிறது. உள்ளூர் மரங்களுக்கான நாற்றங்கால்களும் அங்கே இருக்கின்றன. பலா வேண்டுமென்றால் பண்ருட்டிக்குப் போகும் வழியில் பாலூர் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த ரகங்கள் இருக்கின்றன. குரும்பாபட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பைக்கில் போய், கன்றைச் சுற்றிப் பார்த்து, பையின் அடியைத் தொட்டுப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடிய தூரம். இருட்டுப் பெட்டியில் ஐந்து நாள் கிடந்த கன்றையும் ஒரு மணி நேரத்தில் வீடு வந்த கன்றையும் பக்கத்தில் வைத்தால், எதற்கு முன்னுரிமை என்று விளக்க வேண்டியதில்லை. கிடைக்காத ரகத்துக்கு மட்டும் பார்சல் என்று வைத்துக்கொள்வது நியாயம்.

கன்று நிழலில் பழகும் அதே வாரங்களில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை குழி. மாவுக்கும் பலாவுக்கும் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு தொழுவுரமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து மூடி, ஒரு மழையில் அமுங்க விட வேண்டும். நடுகிற அன்றைக்கே குழி தோண்டினால் கன்று மண்ணோடு சேர்ந்து கீழே இறங்கி, ஒட்டு புதையும்.

ஜூன் 5-ஆம் தேதி பிள்ளைகள் கையில் கன்று கொடுத்துப் படம் எடுக்கும் பள்ளிகளும் கொம்யூன் பஞ்சாயத்துகளும், அன்றைக்குக் குழி தோண்டச் சொல்லிவிட்டுக் கன்று கொடுப்பதைப் புரட்டாசிக்குத் தள்ளி வைக்கலாம். பாகூர்ப் பள்ளத்து ஊர்களில் தைக்கே தள்ளி வைக்கலாம். அதுவரை கன்றுகளை நிழல்வலைக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளுக்குக் கூலி கொடுத்தால், விழாச் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள், பணம் கட்டும் முன் விற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கன்று எந்த மண்ணில் வருகிறது, நான் சொல்லும் மாதத்தில் அனுப்ப முடியுமா.